இரண்டு நாட்டு 'ஏ'

காப்புரிமை முகவர் மெஹருன்னிசாவிடம் தொழில் கற்க வந்தவர் இருதயராஜ். ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர். குருவைவிட வயதில் மிக மூத்தவர்.

"இந்த வயசுல எதுக்கு சார் இது?" என்று கேட்டார் மெஹருன்னிசா.

"என் மனைவி ஆக்னஸ் ஒரு கம்பெனி ஆய்வுக்கூடத்துல வேலை பார்த்தா. ஃப்ளோரைடு தண்ணியைச் சுத்தம் பண்ண ஒரு வடிகட்டி கண்டுபிடிச்சா. கம்பெனி வெளிநாடுகள்ல காப்புரிமைக்கு விண்ணப்பம் போட்டுச்சு. கொஞ்ச நாள்ல இவ வேலையை விட்டுட்டா. அது என்ன ஆச்சுன்னு கடைசிவரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தா. போன வருஷம் போயிட்டா."

மறுநாளே மெஹருன்னிசா பாடத்தைத் தொடங்கினார்.

"ஒவ்வொரு காப்புரிமை ஆவணத்துக்கும் ஒரு எண், அந்த எண்ணுக்குப் பின்னால ஓர் எழுத்து இருக்கும். நம்ம ஊர்ல ஏ-ன்னா விண்ணப்பம். பி-ன்னா வழங்கப்பட்ட காப்புரிமை."

சில வாரங்களில் கணினித் தேடலில் ஆக்னஸின் பெயர் அகப்பட்டது. அமெரிக்க ஆவணம். தொண்ணூற்றெட்டாம் வருஷத்தது. எண்ணுக்குப் பின்னால் 'ஏ'.

இருதயராஜ் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "விண்ணப்பத்தோட நின்னு போச்சு மேடம்."

மெஹருன்னிசா திரையைப் பார்த்தார். "வருஷத்தைப் பாருங்க சார். அப்பல்லாம் அமெரிக்காவுல விண்ணப்பத்தை வெளியிட மாட்டாங்க. காப்புரிமை கொடுத்த பிறகுதான் அச்சடிப்பாங்க. அங்கே அன்னிக்கு ஏ-ன்னா, கொடுத்தாச்சுன்னு அர்த்தம்."

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

இருதயராஜ் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். "இதை அவகிட்ட யாரும் சொல்லலையே" என்றார்.

ஆவணத்தை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். மறுநாள் காலையில் வாடிய முகத்தோடு வந்தார்.

"இதுல ஆக்னஸ் இல்லை மேடம்."

"பேர் இருக்கே சார்?"

"பேர் இருக்கு. வடிகட்டி செய்ய எந்த ஊர்க் களிமண்ணா இருந்தாலும் போதும், எந்தக் குயவர் சூளையிலும் சுட்டுக்கலாம்னு ராப்பகலா சொல்லிக்கிட்டு இருப்பா. இதுல ஒரே ஒரு வகைக் களிமண். எலும்புக்கரி இவ்வளவுதான் கலக்கணும், இத்தனை சூட்டுலதான் சுடணும். இதுவா அவ செஞ்சது?"

மெஹருன்னிசா கணினிப் பக்கம் திரும்பினார். வெகுநேரம் தேடினார். பிறகு சில தாள்களை அச்செடுத்து அவர்முன் வைத்தார்.

"இது அதே வடிகட்டிக்கு ஐரோப்பாவுல போட்டது. இதுலயும் ஏ-தான். ஆனா அங்கே அது விண்ணப்பம். பரிசீலனைக்கு முன்னாடியே அப்படியே வெளியிட்டுடுவாங்க. எதுக்கு உரிமை வேணும்னு கேட்டிருக்காங்கங்கிற முதல் கோரிக்கையை வாய்விட்டுப் படிங்க சார்."

அவர் ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே படித்தார்.

"எந்தக் களிமண்ணாலும்... எந்தச் சூளையிலும்... மின்சாரம் இல்லாத எந்த ஊரிலும்..."

வீட்டில் அவள் பேசியது போலவே இருந்தது. தாளிலிருந்து நிமிர்ந்தார்.

"இதை ஐரோப்பாவுல கொடுத்தாங்களா மேடம்?"

"இல்லை சார். கம்பெனி பாதியிலேயே விட்டுடுச்சு."

"அப்ப இது எங்கேயுமே செல்லாதா?"

"எந்த நாட்டுலயும் செல்லாது. அமெரிக்கத் தாள்ல இருக்கிறது, கொடுத்தவங்க பரிசீலனையில குறைச்சுக் கொடுத்தது. உங்க ஆக்னஸ் கேட்டது முழுசா இதுலதான் இருக்கு."

இருதயராஜ் ஐரோப்பியத் தாள்களைக் கையில் எடுத்தார். முதல் வரியிலிருந்து மறுபடியும் படிக்கத் தொடங்கினார்.