சீனியம்மாளின் விசுவாசம்

கிதியோன் ஊழியம் பழகுவதற்காகத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தபோது தென்மேற்கு மழை தொடங்கியிருந்தது. வேதப் பள்ளியில் அப்போதுதான் படிப்பை முடித்திருந்தான். சொந்த ஊர் திசையன்விளைப் பக்கம். செம்மண்ணும் பனையும் பார்த்து வளர்ந்தவனுக்கு, விடாமல் பெய்யும் மழை புதிது.

தோட்டத்தின் அடிப்பகுதியில் தகரக் கூரை போட்ட ஜெபவீடு இருந்தது. அதைக் கவனித்துக்கொண்டவர் உபதேசியார் சற்குணம். அதிகம் பேசமாட்டார். கிதியோன் அவரோடுதான் ஒரு வருடம் தங்க வேண்டும்.

முதல் நாள் அவன் கேட்டான்.

“வீடு வீடாப் போகும்போது, கதவு திறந்ததும் முதல்ல என்ன செய்யணும், ஐயா?”

“குடையை வெளியே வச்சிட்டு உள்ளே போ. வீடு நனையும்.”

அவர் விளையாடுகிறார் என்று கிதியோன் நினைத்துக்கொண்டான்.

தொழிலாளர்கள் லயன்களில் குடியிருந்தார்கள். ஒரே கூரையின் கீழ் ஒட்டி ஒட்டி நிற்கும் சிறிய வீடுகள். பகலில் எல்லோரும் கொழுந்து பறிக்கப் போய்விடுவார்கள். சாயங்காலம்தான் ஆள் இருக்கும். கிதியோன் கைப்பிரதிகளை பிளாஸ்டிக் பைக்குள் சுற்றிக்கொண்டு ஏறுவான். ஊசி போட வந்தவன் என்று நினைத்து ஒரு வீட்டில் கதவைத் தாழிட்டார்கள். இன்னொரு வீட்டில் குடித்திருந்த ஒருவன் உள்ளே இழுத்து உட்காரவைத்துப் பாடச் சொன்னான். இரண்டாவது சரணத்தில் தூங்கிப்போனான். பெரும்பாலானவர்கள் கோபப்படக்கூட இல்லை. “எங்க சாமி எங்களுக்குப் போதும் தம்பி, நனையாமப் போங்க” என்றார்கள். திட்டு வாங்கியிருந்தால்கூட அவனுக்குத் தேவலை என்றிருக்கும்.

ராத்திரி காலில் கடித்திருந்த அட்டைகளை உப்புத் தொட்டுப் பிடுங்கிக்கொண்டே ஜெபிப்பான். ஒரு கதவு, ஆண்டவரே. ஒரே ஒரு கதவு.

ஆடி மாதத்தில் அது திறந்தது.

மேல்பிரிவு லயனில் கடைசி வீடு. சீனியம்மாள் என்ற பெண். அவள் புருஷன் முத்திருளன் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டப் போன இடத்தில் சரிவில் விழுந்து முதுகு உடைந்தவர். பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிக் கூட்டிவந்துவிட்டார்கள். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. சீனியம்மாள் கிதியோனை உள்ளே கூப்பிட்டாள், கட்டன் சாயா கொடுத்தாள், அவன் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள்.

அன்று அவன் ஓடியே இறங்கி வந்தான்.

“ஒரு வீடு திறந்துட்டு ஐயா! அந்த அம்மா கண்ணீரோட கேட்டாங்க.”

“என்ன சொன்னே?”

“ஆண்டவரோட அன்பைப் பத்திச் சொன்னேன்.”

“வேற?”

“அதுதான் ஐயா.”

உபதேசியார் அவன் முகத்தைப் பார்த்தார். மேற்கொண்டு கேட்கவில்லை.

கிதியோன் அடிக்கடி மேல்பிரிவுக்குப் போனான். சீனியம்மாள் ஜெபிக்கக் கற்றுக்கொண்டாள். உபவாசம் இருந்தாள். சுவரில் மாட்டியிருந்த மாரியம்மன் படத்தைக் கழற்றி நாத்தனார் வீட்டில் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்த லயனில் அவளோடு யாரும் சரியாகப் பேசவில்லை. அதையும் கிதியோன் சாட்சியாக உபதேசியாரிடம் வந்து சொன்னான்.

புரட்டாசியில் முத்திருளனுக்குப் படுக்கைப் புண்ணிலிருந்து காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஜீப் வருவதற்குள் இறந்துபோனார்.

உபதேசியாரும் கிதியோனும் போனார்கள். உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். பேசாமல் இருந்தவர்களும் வந்து வாசலில் நின்றார்கள். உபதேசியார் ஜெபிக்கவில்லை, வசனம் சொல்லவில்லை. உடம்பைக் குளிப்பாட்ட வெந்நீர் சுமந்தார். ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்து நின்றார்.

சீனியம்மாள் அழவில்லை. கிதியோனைப் பார்த்ததும் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எம்மேலதான் தப்பு தம்பி. எனக்கு விசுவாசம் பத்தலை.”

“அம்மா...”

“காச்ச கொதிக்கும்போது பயந்துட்டேன். ‘தாயே மாரி’ன்னு வாயில வந்துட்டு. ஒரே ஒரு தடவைதான். அதோட போயிட்டாரு. நீங்க படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க. நாந்தான் கொன்னுட்டேன்.”

தண்ணீர்ப் பானையோடு பின்னால் நின்ற உபதேசியார் எல்லாவற்றையும் கேட்டார்.

அடக்கம் முடிந்து இருவரும் இறங்கினார்கள். ஜெபவீட்டுக்குள் வந்து உட்கார்ந்த பிறகுதான் உபதேசியார் கேட்டார்.

“அந்த அம்மாகிட்ட என்ன சொன்னே?”

கிதியோன் தலை குனிந்துகொண்டான்.

“முதல் நாளே கேட்டாங்க ஐயா. எந்திரிச்சு நடப்பாரான்னு. விசுவாசிச்சா நடப்பாருன்னு சொன்னேன்.”

“யார் சொல்லச் சொன்னா?”

“படுக்கையில கிடந்தவங்க எந்திரிச்சு நடந்தது வேதத்துல இருக்கே ஐயா.”

“முத்திருளன் பேரு இருக்கா அதுல?”

தகரத்தில் மழை இரைந்தது. கிதியோன் மெதுவாகச் சொன்னான்.

“தெரியாதுன்னு சொல்லியிருந்தா அந்தக் கதவும் சாத்தியிருக்கும். அந்தப் பயத்துல சொல்லிட்டேன்.”

“போய் அதைச் சொல்லு.”

“எதை?”

“இப்ப எங்கிட்ட சொன்னியே, அதை.”

கிதியோன் நிமிர்ந்தான். “அப்படிச் சொன்னா அந்த அம்மா விட்டுப் போயிருவாங்க. இருக்கிற ஒரே ஆத்துமா ஐயா. ஆண்டவர் மேலதானே பழி விழும்?”

“விழட்டும். அவருக்குப் பழி புதுசா?”

“நீங்களும் வாங்க.”

“அந்த வாக்கைக் கொடுக்கும்போது நான் கூட இருந்தேனா?”

மறுநாள் கிதியோன் போகவில்லை. அதற்கு மறுநாளும் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டான். உபதேசியார் ரசம் வைத்துக் கொடுத்தார். கண்ணை மூடினால் கிதியோனுக்கு, நாந்தான் கொன்னுட்டேன் என்ற குரல் கேட்டது. மூன்றாம் நாள் மத்தியானம் எழுந்து குடையைக்கூட எடுக்காமல் கிளம்பினான்.

சீனியம்மாள் வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தாள். முத்திருளன் கிடந்த கட்டில் காலியாக இருந்தது. அவள் தரையில் முழங்காலிட்டிருந்தாள்.

“மன்னிப்புக் கேட்டுக்கிட்டிருக்கேன் தம்பி,” என்றாள். “மூணு நாளாக் கேக்கேன். மன்னிச்சாரான்னு தெரியலை.”

“அம்மா, நீங்க ஒரு தப்பும் செய்யலை.”

“நான் கூப்பிட்டேனே.”

“கூப்பிட்டதால அவர் போகலை. அவர் நடப்பாருன்னு நான் சொன்னதே பொய். எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொன்னேன். நீங்க கதவைச் சாத்திரக் கூடாதுன்னு சொன்னேன்.”

அவள் தலையை நிமிர்த்தினாள்.

“அப்ப, நான் எவ்வளவு விசுவாசிச்சிருந்தாலும்?”

“தெரியாதும்மா. எனக்கு எதுவுமே தெரியாது.”

சீனியம்மாள் எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அவள் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன.

“கடைசியாக் கஞ்சி கேட்டாருடா! ஜெபத்தை முடிச்சிட்டுத் தாரேன்னு சொன்னேன். உன் பேச்சைக் கேட்டுச் சொன்னேன்! முடிக்கிறதுக்குள்ள வாய் மூடிப்போச்சேடா...”

இரண்டு கையாலும் அவன் நெஞ்சில் அடித்தாள். கிதியோன் விலகவில்லை. பெண்கள் ஓடி வந்து அவளைப் பிடித்துக்கொண்டார்கள். நாத்தனார் அவளை மடியில் சாய்த்துக்கொண்டாள். யாரோ அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே சீனியம்மாள் புருஷன் பேரைச் சொல்லிச் சொல்லி அழுவது லயன் முழுக்கக் கேட்டது. முத்திருளன் இறந்ததிலிருந்து அவள் அழுதது அப்போதுதான்.

அவன் இறங்கி வந்தபோது உபதேசியார் அடுப்பங்கரையில் அரிசி களைந்துகொண்டிருந்தார்.

“சொன்னியா?”

“சொன்னேன்.”

“என்ன சொன்னாங்க?”

“அடிச்சாங்க. என் வாய் புழுத்துப் போகும்னாங்க. இனிமே அந்த லயன் பக்கம் நான் போக முடியாது ஐயா.”

“அப்புறம்?”

“ஆண்டவரையும் திட்டினாங்க. வாசல்ல நின்னு கேட்டேன். காது கொடுத்துக் கேட்க முடியலை.”

உபதேசியார் கையை உதறிவிட்டு நிமிர்ந்தார்.

“தன்னைத் திட்டிக்கிட்டாங்களா?”

கிதியோன் அவள் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். சட்டையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

“இல்லை ஐயா.”

“அது போதும்,” என்றார் உபதேசியார். “சட்டையை மாத்து.”