கும்பாயி கதவான கதை

எறும்பும் நண்டும் அக்கம்பக்கத்துக்காரர்களாக வம்பளந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில், தெற்குக் கடலில் ஒரு சின்னத் தீவு இருந்தது. தீவு முழுக்கக் கண்டல் மரங்கள். சேற்றில் கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டு நிற்கும். அதில் ஒரு மரத்தின் உச்சிக்கிளையில், புழு குடைந்துவிட்டுப் போன பொந்தில், ஓர் எறும்புக் குடும்பம் குடியிருந்தது. இலைகளில் ஒட்டியிருக்கும் பூச்சிகள் விடுகிற இனிப்புத் துளிதான் சாப்பாடு. ஒரு குறையும் இல்லை, கும்பாயியின் தலையைத் தவிர.

அப்பப்பா, அது என்ன தலை! உடம்பு என்னவோ எல்லோரையும்போல எறும்பு உடம்புதான். தலை மட்டும் கும்பாவைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அவள் தலை வாசலில் மாட்டிக்கொள்ளும். பின்னால் நிற்கிறவர்கள் எல்லாம் முணுமுணுப்பார்கள். அவளுக்கு முன்னாலேயே வெளியே ஓடிவிட்ட தங்கை பொடிச்சி சும்மா இருப்பாளா? திரும்பி வந்து, தன் உணர்கொம்பால் அக்காளின் நெற்றியில் தட்டுவாள். டொக்டொக். கொஞ்சம் நிறுத்தி, இன்னொரு டொக்.

"வீட்டுல யாராச்சும் இருக்கீங்களா?"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கும்பாயிக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும்.

ஒருநாள் அவள் வேலைக்கே போகாமல் மூலையில் உட்கார்ந்து அழுதாள். அம்மா எறும்புக்குப் பொறுக்கவில்லை. "என் பிள்ளைக்கு வாசல் பத்தலைன்னா வாசலை மாத்துவோம். பிள்ளையையா மாத்த முடியும்?" என்று சொல்லிவிட்டாள்.

தேடித் தேடிக் கடைசியில், அதே மரத்தின் அடியில், பட்டுப்போன ஒரு கிளையில் அகலமான வாசல் கிடைத்தது. கும்பாயியின் தலைக்கு அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது. முட்டைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் குடிவந்தார்கள்.

கீழே வளையில் இருந்த ஒற்றைக்கொடுக்கு நண்டு எட்டிப் பார்த்தது. "ஏம்மா, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? இது கடல் நடமாடுற இடம்."

"நாலு நாளாப் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன் அண்ணாச்சி. வேர் வரைக்கும் வருது, பேசாமத் திரும்பிப் போயிடுது. நல்ல கடல்தான்."

"இப்போ தேய்பிறை. அமாவாசை வரட்டும், அப்போ தெரியும் அதோட குணம்!"

மரத்தின் உச்சியிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அமாவாசைக் கடலைப் பற்றி என்ன தெரியும்? நண்டுக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டார்கள்.

அமாவாசை வந்தது. விடிந்த கொஞ்ச நேரத்தில் கடல் வேரைத் தாண்டியது. "உள்ள போங்க, உள்ள போங்க!" என்று கொடுக்கை ஆட்டிக் கத்திவிட்டு, நண்டு வளைக்குள் பாய்ந்தது. வெளியே இருந்த எறும்புகள் அடித்துப் பிடித்து வீட்டுக்குள் ஓடின. பின்கட்டில் முட்டைகள். முன்னால், கதவே இல்லாத அகன்ற வாசல். முதல் அலை வாசலை நக்கிவிட்டுப் போனது.

கும்பாயி வாசலைப் பார்த்தாள். என்னால்தானே இந்த வீட்டுக்கு வந்தோம்! அவள் ஓடிப்போய்த் தன் தலையை வாசலில் வைத்து அழுத்திக்கொண்டாள். இம்மியும் இடைவெளி இல்லை. அடுத்த அலை அவள் முகத்தில் அறைந்தது. உள்ளே ஒரு சொட்டு வரவில்லை.

"தலையை எடுடி, செத்துப் போயிடுவே!" அம்மா அலறினாள்.

"எடுத்தா எல்லாரும் போயிடுவோம்மா."

அப்போதுதான் யாரோ கேட்டார்கள்: "பொடிச்சி எங்கே?"

பொடிச்சி இல்லை. சாப்பாடு எடுக்க உச்சிக்குப் போனவள், இறங்கி வருகிற நேரம்தான் இது.

டொக் என்று நெற்றியில் ஏதோ பட்டது. "வந்துட்டா!" என்று கும்பாயி தலையை நகர்த்தினாள். வந்தது மிதந்து வந்த குச்சி. தண்ணீர் குபுக்கென்று உள்ளே பாய்ந்து இரண்டு முட்டைகளை உருட்டியது. அம்மா பாய்ந்து பிடித்துக்கொண்டாள். கும்பாயி மறுபடியும் அடைத்தாள். டொக். டொக். டொக். குச்சியும் சருகும் வந்து மோதிக்கொண்டே இருந்தன. இதில் தங்கையை எப்படிக் கண்டுபிடிப்பது? திறந்தால் வீடு போகும். திறக்காவிட்டால் பொடிச்சி போவாள். கும்பாயி வாய்விட்டு அழுதாள்.

டொக்டொக். கொஞ்சம் நிறுத்தி, இன்னொரு டொக்.

கடலுக்குக் கேலி செய்யத் தெரியுமா என்ன! அலை பின்வாங்கிய கணத்தில் கும்பாயி தலையை இழுத்தாள். நனைந்த பொடிச்சி உருண்டு உள்ளே வந்து விழுந்தாள். அடுத்த அலை வருவதற்குள் வாசல் மூடிக்கொண்டது.

பொழுது உச்சிக்கு ஏறிய பிறகுதான் கடல் இறங்கியது. கும்பாயி தலையை எடுத்தாள். அத்தனை நேரம் அலை அறைந்ததில் முன்பக்கம் சப்பட்டையாகிப் போயிருந்தது.

"ரொம்ப அசிங்கமா இருக்கா?" என்று கேட்டாள்.

பொடிச்சி சிரிக்கவில்லை. வயிற்றில் வைத்திருந்த இனிப்புத் துளியை அக்காளின் வாயில் ஊட்டினாள். "இவ்வளவு அழகான கதவை நான் பார்த்ததே இல்லைக்கா."

"திரும்ப மேலயே போயிடலாமா?" அம்மா கேட்டாள்.

"எதுக்கும்மா? இப்போதான் நம்ம வீட்டுக்குக் கதவு வந்திருக்கே!" என்றாள் கும்பாயி.

அன்றைக்குத் தொடங்கியதுதான். அந்த இனத்தில் வீட்டுக்கு ஒருத்தியாவது சப்பட்டைத் தலையோடு பிறக்கிறாள். கடல் ஏறினால் முதல் ஆளாக ஓடிப்போய்த் தலையால் வாசலை அடைக்கிறாள். வெளியே போய் வருகிறவள், எவ்வளவு அவசரமானாலும், அவள் நெற்றியில் டொக்டொக் என்று தட்டி, கொஞ்சம் நிறுத்தி, இன்னொரு டொக் வைத்த பிறகுதான் உள்ளே போகிறாள்.