அறவாழி கட்ட நினைத்த படகு

பொதுப்பணித்துறையில் முப்பத்திரண்டு வருடம் வரைவாளராக இருந்தவர் அறவாழி. ஓய்வு பெற்ற மறுநாளே வீட்டு கார் ஷெட்டைக் காலி செய்து கழுவிவிட்டார். அங்கே ஒரு பாய்மரப் படகு கட்டப்போவதாக மனைவி இன்பவல்லியிடம் சொன்னார். சின்னப் படகுதான், இரண்டு பேர் உட்காரலாம். காலையில் கடலோரக் கழியில் இறங்கினால் வெயில் ஏறுவதற்குள் கரைக்கு வந்துவிடலாம்.

"யார் கூடப் போகப்போறீங்க?" என்றாள் அவள்.

"உன் கூடத்தான், வல்லி."

அதற்கப்புறம் இரண்டு வருடம் போய்விட்டது. ஷெட்டில் ஒரு பிளைவுட் பலகைகூட வந்து இறங்கவில்லை.

சோம்பல் என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது. விடிந்தால் மேஜை முன் உட்கார்ந்துவிடுவார். உலகத்தில் யார் யாரோ வரைந்த படகு வரைபடங்களில் அறுபதைப் பார்த்து, நாலாகக் குறைத்திருந்தார். எட்டடியில் பெட்டி மாதிரி ஒன்று. பன்னிரண்டு அடியில், பின்பக்கம் அடைப்பில்லாமல் திறந்து கிடக்கிற ஒன்று. பதினாலு அடியில், உயரமான வளைந்த பக்கச்சுவரோடு ஒன்று. இரட்டைப் படகாகச் சேர்த்துக் கட்டுகிற ஒன்று. ஒரு நீள நோட்டில் நாலுக்கும் கட்டம் போட்டு, எடை, பாயின் அளவு, சாயும் கோணம், சுவர் உயரம் என்று மதிப்பெண் போட்டு வந்தார். பதினாலு அடிதான் முன்னால் நின்றது. பன்னிரண்டு அடியைக் குறுக்கே அடித்து, பக்கத்தில் 'பின்புறம் பாதுகாப்பு இல்லை' என்று எழுதியிருந்தார்.

இதற்கு நடுவில் பாய் ஓட்டக் கற்றுக்கொள்ளவும் சேர்ந்தார். தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கழியில் மெர்சலின் என்கிற பெண் சொல்லிக்கொடுத்தார். முப்பத்திமூன்று வயது. காற்றில் கரகரத்துப்போன குரல். வார்த்தையை எண்ணித்தான் பேசுவார். தன்னைவிட இருபத்தேழு வயது சின்னவரை அறவாழி டீச்சர் என்றுதான் கூப்பிட்டார். ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் நோட்டை விரித்து அதே கேள்வியைக் கேட்டார்.

"எந்தப் படகு டீச்சர்?"

மெர்சலின் நோட்டைப் பார்ப்பார். "கோடு நேரா போட்டிருக்கீங்க சார்" என்பார். அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை அறவாழி விடவில்லை.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இதுல கவிழாத படகு எது?"

"நாலுமே கவிழாது."

"நாலுமா?"

"நோட்டுக்குள்ள இருக்கிற வரைக்கும்."

அறவாழிக்கு முகம் சுருங்கிவிட்டது. "எனக்காகக் கேட்கல டீச்சர். என் வீட்டுக்காரிக்கு நீச்சல் தெரியாது. அதனாலதான் இவ்வளவு யோசிக்கிறேன்."

மெர்சலின் கையில் சுற்றிக்கொண்டிருந்த கயிற்றை நிறுத்தினார்.

"அக்காவைக் கூட்டிட்டு வாங்க. பதில் சொல்றேன்."

"நாளைக்கேவா?"

"நாளைக்கு வேண்டாம். அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை. எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கு."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மூன்று பேரும் மெர்சலினின் பழைய படகில் ஏறினார்கள். மூவருக்கும் லைஃப் ஜாக்கெட். மெர்சலின் இன்பவல்லியின் பட்டைகளை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். படகு எப்படிச் சாய்கிறது, எப்படித் திரும்புகிறது என்று குறித்துக்கொள்ள அறவாழி நோட்டையும் கொண்டுவந்திருந்தார். நனையாமலிருக்க பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, மடியில் வைத்துக்கொண்டார்.

நல்ல காற்று. பாய் நிறைந்து படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடியது. கழியின் நடுவில், கரை ஒரு கோடாகத் தெரிகிற இடத்துக்கு வந்தபோது மெர்சலின் எழுந்தார். எழுந்தவர் மேடான பக்கம் போயிருக்க வேண்டும். அப்படித்தான் அவர் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார். ஆனால் அவர் பாய்க்கயிற்றை இறுக்கிப் பிடித்தபடி, சாய்ந்திருந்த பக்கமாகவே இறங்கி நின்றார்.

"டீச்சர், அந்தப் பக்கம்…"

அறவாழி சொல்லி முடிக்கவில்லை. வானம் சரிந்தது. வாய், மூக்கு, காது எல்லாம் உப்புத் தண்ணீர். மேலே வெளிச்சம் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. ஜாக்கெட் அவரைத் தூக்கி வெளியே விட்டது. இருமினார். கண்ணைத் திறந்தார். பத்தடி தள்ளி அவருடைய பை மிதந்து போய்க்கொண்டிருந்தது. கையைக் காலை அடித்துப் போய் அதைப் பிடித்தார். தலைக்கு மேலே தூக்கிப் பார்த்தார். முடிச்சு அவிழவில்லை.

அப்புறம்தான் திரும்பினார்.

படகு பக்கவாட்டில் கிடந்தது. பாய் தண்ணீர்மேல் விரித்த கோரைப்பாயாகப் படுத்திருந்தது. மெர்சலினின் தலை தெரிந்தது. வேறு தலை எதுவும் தெரியவில்லை.

"வல்லி" என்றார்.  வாயிலிருந்த தண்ணீரைத் துப்பினார். "வல்லி எங்கே?"

மெர்சலின் பாயைப் பார்த்தார். அவருடைய ஒரு கை தண்ணீருக்குள்ளே, பாய்க்கு அடியில் இருந்தது.

அறவாழி பாயை நோக்கித் திரும்பினார். கையில் பையைப் பிடித்துக்கொண்டே நீந்தப் பார்த்தார். முடியவில்லை. பிடித்திருக்கிறோம் என்பதே அப்போதுதான் உறைத்தது. விட்டார்.

அதற்குள் பாயின் ஓரம் புடைத்து உயர்ந்தது. இன்பவல்லி இரண்டு கையாலும் துணியை மேலே தள்ளித் தள்ளி, விளிம்புக்கு வந்து, வெளியே தலையை நீட்டினாள். மூச்சு வாங்கினாள். முகத்தில் ஒட்டிய முடியை ஒதுக்கினாள். அவளுடைய பார்வை முதலில் கணவர் மேல் விழுந்தது. பிறகு அவருக்குப் பக்கத்தில் மிதந்த பைமேல் விழுந்தது. அங்கே கொஞ்ச நேரம் நின்றது.

 அவள் படகின் விளிம்பைப் பிடித்தபடியே சுற்றிக்கொண்டு அடிப்பக்கம் போனாள். படகின் அடியிலிருந்து தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த நடுப்பலகையைப் பிடித்து, அதன்மேல் ஏறி நின்று, பின்னால் சாய்ந்தாள். படகு முனகியது. மெல்ல மெல்லப் பாய்மரம் நீரைவிட்டு எழுந்தது. படகு நிமிர்ந்தது.

அறவாழி பார்த்துக்கொண்டே மிதந்தார். அறுபது வயதில் தன் மனைவியை முதல்முறையாகப் பார்க்கிற ஆள்போல இருந்தார்.

"ஏறுங்க சார்" என்றார் மெர்சலின்.

பக்கவாட்டில் கை போட்டு எம்பினார். நெஞ்சு விளிம்பில் இடித்தது. படகு அவர்மேல் சாய்ந்தது. நழுவினார். மறுபடி எம்பினார். இந்தச் சுவரே இவ்வளவு உயரம். அந்தப் பதினாலு அடியின் சுவர் இதைவிட ஒரு சாண் அதிகம் என்பது அவருக்குத் தெரியும். அந்த ஒரு சாணுக்குத்தான் முழு மதிப்பெண் போட்டிருந்தார்.

"பின்னால வாங்க" என்று மேலேயிருந்து குரல் வந்தது. இன்பவல்லி எப்போதோ ஏறிவிட்டிருந்தாள். படகின் பின்பக்கம் தாழ்ந்து, தண்ணீரோடு தண்ணீராக இருந்தது. அவள் குனிந்து கையை நீட்டினாள். அவர் பிடித்துக்கொண்டு, ஒரு மூட்டையைப் போல உள்ளே வந்து விழுந்தார்.

மூவரும் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். பையை மெர்சலின் எடுத்து வந்திருந்தார். அதை மணலில் வைத்தார். அறவாழி அதைத் தொடவில்லை. 

"வேணும்னே கவுத்தீங்களா டீச்சர்?"

"ஆமா."

"அவளுக்கு நீச்சல் தெரியாதுன்னு சொன்னேன்."

"சொன்னீங்க."

"அவளுக்கு ஒண்ணு ஆகியிருந்தா?"

"கவுப்பாங்கன்னு எனக்குத் தெரியும்ங்க" என்றாள் இன்பவல்லி.

அவர் திரும்பினார்.

"டீச்சர் போன் பண்ணாங்க. சேரும்போது படிவத்துல அவசரத்துக்குன்னு என் நம்பரைத்தான் குடுத்திருந்தீங்களாம். படகைக் கவுக்கலாமான்னு கேட்டாங்க. முதல்ல கத்துக்குறேன்னு சொன்னேன். செவ்வாய், வியாழன் ரெண்டு நாளும் பஸ் ஏறி வந்தேன். இடுப்பளவு தண்ணியிலதான். பாய்க்கு அடியில மாட்டினா எப்படி வர்றது, எப்படி நிமிர்த்துறது, எப்படி ஏறுறது, எல்லாம் பண்ணிப் பார்த்தாச்சு."

"எனக்குத் தெரியாதே வல்லி."

"ரெண்டு நாளும் ஈரத்துணியைக் கொடியில போட்டேன். உங்க மேஜைக்கு நேர் ஜன்னல்ல."

அறவாழிக்கு அந்தக் கொடி ஞாபகம் வரவில்லை. அந்த இரண்டு நாளும் இரட்டைப் படகின் எடையைத் திரும்பக் கூட்டிக்கொண்டிருந்தது மட்டும் ஞாபகம் வந்தது.

"சொல்லியிருக்கலாமே டீச்சர், கவிழ்ப்பேன்னு" என்றார்.

"சொல்லியிருந்தா அதுக்கும் ஒரு கட்டம் போட்டிருப்பீங்க."

இன்பவல்லி முந்தானையைப் பிழிந்தாள். "அந்தப் பன்னிரண்டு அடி படகு" என்றாள். "பின்னால திறந்திருக்குன்னு அடிச்சு விட்டீங்களே. கட்டுறதா இருந்தா அதைக் கட்டுங்க. அதுல யார் கையும் இல்லாம நான் ஏறிடுவேன்."

"நோட்டைப் படிச்சியா?"

"ரெண்டு வருஷமா அது ஒண்ணுதானே வீட்டுல நடக்குது."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது. சேலை மாற்ற அவள் படகுக் கொட்டகைக்குள் போனாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

மெர்சலின் பாயைக் கழற்றி மணலில் விரித்து, சுருக்கம் எடுத்துக்கொண்டிருந்தார். அறவாழி எழுந்து போய் மறுமுனையைப் பிடித்தார். 

"படகு முடிவாயிருச்சு டீச்சர். இனி அதைக் கேட்க மாட்டேன்."

"சரி சார்."

"தண்ணியில நான் முதல்ல எதைத் தேடிப் போனேன்னு பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"அக்கா பேரை நீங்க சொல்ற வரைக்கும் ஏழு எண்ணினேன். அக்கா ஜாக்கெட் பட்டை என் கையிலதான் இருந்துச்சு. வெளியே இழுக்கட்டுமான்னு ஆட்டிப் பார்த்தேன். வேண்டாம்னு அவங்க என் கையைத் தட்டினாங்க."

ஏழு. அறவாழி மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். அது முடிகிற மாதிரியே இல்லை.

"முப்பத்தஞ்சு வருஷம் கூட வாழ்ந்தவ. நான் அவளைத் தேடல. காகிதத்தைத் தேடியிருக்கேன்." கையிலிருந்த பாயின் முனையைக் கசக்கினார். "அப்ப நான் எப்படிப்பட்ட மனுஷன் டீச்சர்?"

மெர்சலின் தன் முனையைக் கொண்டுவந்து அவர் கையில் இருந்த முனையோடு சேர்த்து மடித்தார்.

"ஒரே ஒரு தடவை கவுந்த மனுஷன்" என்றார். "அடுத்த ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வாங்க. மறுபடி கவுக்குறேன்."