கூழங்குளத்து வெளிநாட்டுப் பறவை

கூழங்குளத்துக்காரர்களைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அவர்கள் எண்ணிக்கையில் குறைவு.

ஊருக்குப் பெரிய கண்மாய். மார்கழி பிறந்தால் சிறகி வந்து இறங்கும். சிறகி என்றால் காட்டு வாத்து. எங்கோ குளிர் தேசத்திலிருந்து வருகிறதாம். அத்தனை தூரம் பறந்து கடைசியில் இந்த ஊரைப் பார்த்து இறங்குகிறதே, அதன் புத்தியும் கொஞ்சம் சந்தேகம்தான்.

ஊரில் இரண்டு கட்சி. ஒன்று வேட்டைக் கட்சி. அதற்குத் தலைவன் வெள்ளைக்கண்ணு. சிறகி பிடித்து டவுன் ஓட்டலுக்குக் கொடுப்பது அவன் பிழைப்பு. வேறு தொழில் தெரியாது. இதுவும் தெரியாது, ஆனால் வேறு தெரியாது. அவனுக்குத் துணை மைத்துனன் காத்தமுத்து.

மற்றது பறவைக் காப்புச் சங்கம். தலைவர் தருமலிங்கம், தபாலாபீசில் முப்பது வருடம் முத்திரை குத்தி ஓய்ந்தவர். செயலாளர் சவுந்தரவல்லி, தையல்கடைக்காரி. உறுப்பினர்கள் சின்னப்பிச்சை, பெரியபிச்சை என்று அண்ணன் தம்பி. யார் அண்ணன் என்பதில் அவர்களுக்கே தகராறு.

இரண்டு கட்சியும் தினம் சாயங்காலம் டீக்கடையில் மோதும்.

"பறவை எதுக்கு இருக்கு? பிடிக்கத்தானே," என்பான் வெள்ளைக்கண்ணு.

"பறவை எதுக்கு இருக்கு? இருக்கத்தான்," என்பார் தருமலிங்கம்.

"பிடிச்சுப் பார்த்தாத்தானே அது இருக்குன்னு தெரியும்."

"நீ பிடிச்சுட்டா அப்புறம் எங்கே இருக்கும்?"

"ஓட்டல்ல இருக்கும்."

நாலு வருடமாக இதே பேச்சு. டீக்கடைக்காரர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் ஆற்றுவார்.

ஒரு திங்கட்கிழமை வனத்துறை ரேஞ்சர் ஜீப்பில் வந்தார். இரண்டு கட்சியையும் கூட்டி நிறுத்திச் சொன்னார்.

"வியாழக்கிழமை வந்து பார்ப்பேன். கண்மாயில பறவை இருந்தா வேட்டைக்குத் தடை. இல்லைன்னா தடைக்கு வேலையில்லை. அதுவரைக்கும் துப்பாக்கி, கவண், கண்ணி, வலை, எதையும் எடுத்துக்கிட்டு யாரும் தண்ணியில இறங்கக் கூடாது." சங்கத்தார் பக்கம் திரும்பினார். "பறவைக்கு அமைதி வேணும். ஊர்ல சத்தம் இல்லாம பாத்துக்கங்க."

சொல்லிவிட்டுப் போனார். படித்தவர்தான். யாரிடம் சொல்கிறோம் என்று பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

மறுநாள் காலையில் சங்கம் வேலையை ஆரம்பித்தது. சின்னப்பிச்சை தமுக்கு அடித்தான். பெரியபிச்சை கூவினான். "இதனால் சகலருக்கும் தெரிவிப்பது. கண்மாயில் பறவைகள் ஓய்வெடுக்கின்றன. யாரும் சத்தம் போடக் கூடாது."

"மேலக்கரையில கேட்டிருக்காது," என்றாள் சவுந்தரவல்லி. "ஓங்கி அடிங்க."

ஓங்கி அடித்தார்கள். பாதிச் சிறகி எழும்பிப் பறந்தது.

தருமலிங்கம் முகம் சுளித்தார். "என்ன சத்தமா இறக்கையை அடிக்குது பாத்தியளா. அமைதியா இருக்கத் தெரியாத பறவையெல்லாம் போகட்டும்."

அதோடு விட்டார்களா? பலகையில் 'இது பாதுகாக்கப்பட்ட இடம், பறவைகள் பயப்பட வேண்டாம்' என்று எழுதி, தண்ணீரைப் பார்க்க நட்டார்கள். ஒரு நீர்க்காகம் வந்து அதன்மேல் உட்கார்ந்தது.

"படிக்குது," என்றான் பெரியபிச்சை.

"அது எழுத்துக்கு மேல உட்கார்ந்திருக்கு. அங்கிருந்து எப்படித் தெரியும்?" என்றான் சின்னப்பிச்சை.

"தலைகீழாப் படிக்கும்."

இங்கே இப்படி. அங்கே வெள்ளைக்கண்ணு வீட்டில் வேட்டைக் கட்சி கூடியது. கூடியது என்றால் இரண்டு பேர்.

"மாப்ள, வியாழக்கிழமை பறவை இருந்தா நம்ம பிழைப்பு போச்சு."

"அப்ப நாளைக்கே எல்லாத்தையும் பிடிச்சு ஓட்டலுக்கு அனுப்பிருவோம் மச்சான்."

"அனுப்பிட்டா? வெள்ளிக்கிழமை வேட்டைக்கு எதைத் தேடுவ?"

காத்தமுத்து வெகுநேரம் யோசித்தான். யோசித்தால் அவனுக்கு வியர்க்கும். துண்டு நனைந்தது.

"உயிரோட பிடிப்போம் மச்சான். வீட்ல வச்சுத் தீனி போடுவோம். ரேஞ்சர் வந்து கண்மாயைப் பாப்பாரு. ஒண்ணும் இருக்காது. தடை இல்லைன்னு எழுதுவாரு. உடனே கொண்டுபோயி தண்ணியில விட்டுட்டு, சுடுவோம்."

அந்த வீட்டில் அதுவரை யாரும் இவ்வளவு நீளமாக யோசித்ததில்லை. வெள்ளைக்கண்ணு அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

துப்பாக்கி கூடாது, கவண் கூடாது, கண்ணி கூடாது, வலை கூடாது. ரேஞ்சர் பானையைச் சொல்லவில்லை. பானை வேட்டை அந்தப் பக்கத்தில் பழசு. வெறும் பானைகளை நாலு நாள் தண்ணீரில் மிதக்கவிட வேண்டும். சிறகி அதைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிடும். பிறகு ஒரு பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் மெல்லப் போய், அடியிலிருந்து காலைப் பிடித்து இழுக்க வேண்டும். புத்தியுள்ளவன் செய்தால் நடக்கும்.

"நாலு நாள் நமக்கு இல்லையே மாப்ள. ஒரு நாள்தான் இருக்கு."

"நாலு பானை நாலு நாள் மிதக்கணும். பதினாறு பானையா விட்டா ஒரு நாள் போதும் மச்சான்."

பதினாறு பானை விட்டார்கள். அடுத்து, பானையில் கண்ணுக்குத் துளை போடுவதா என்று ஒரு விவாதம்.

"துளை போட்டா நம்ம கண்ணு சிறகிக்குத் தெரியும்," என்றான் வெள்ளைக்கண்ணு.

"போடாட்டி சிறகி நமக்குத் தெரியாதே."

"நமக்குத் தெரியலைன்னா நாம பயப்பட மாட்டோம். அதுக்குத் தெரிஞ்சா அது பயப்படும். எது நல்லது?"

துளை போடவில்லை.

சங்கத்தார் கரையிலிருந்து பானைகளைப் பார்த்தார்கள். சவுந்தரவல்லிதான் முதலில் கண்டுபிடித்தாள். அந்தக் கூட்டத்தில் அவளுக்குக் கொஞ்சம் புத்தி உண்டு. எங்கே நிறுத்துவது என்றுதான் தெரியாது.

"அண்ணே, இது பானை வேட்டை. பானையோட வந்து காலைப் பிடிச்சு இழுப்பாங்க."

"போலீசுக்குச் சொல்லுவமா?" என்றான் சின்னப்பிச்சை.

"வேணாம். அவங்க பிடிக்கிறதுக்கு முன்னாடி நாம பிடிச்சுக்கணும். ஒவ்வொரு சிறகி காலையும் நாம கெட்டியாப் பிடிச்சிருந்தா, அவங்க எதை இழுப்பாங்க?"

தருமலிங்கம் கண்கலங்கினார். "நாமளும் பானையோட இறங்குவோம். ஒண்ணு சொல்லிட்டேன். சிறகி பேசாது. அதனால நாமளும் பேசக் கூடாது. நான் சொல்லுற வரைக்கும் யாரும் பானையைக் கழற்றக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது."

புதன்கிழமை மத்தியானம் சங்கம் நாலு பேரும் கீழ்க்கரையில் இறங்கினார்கள். துளை போட அவர்களுக்கும் தோன்றவில்லை. மேலக்கரையில் வெள்ளைக்கண்ணுவும் காத்தமுத்துவும் இறங்கினார்கள். ஆறு பானை கண் தெரியாமல் தண்ணீரைத் துழாவிக்கொண்டு வந்தது. மிச்சமிருந்த சிறகிகள் இந்த அழகைக் கொஞ்ச நேரம் பார்த்தன. பிறகு மொத்தமாக எழும்பிப் பக்கத்து ஊர்க் கண்மாய்க்குப் போய்விட்டன. கூழங்குளத்தில் அன்றைக்கு உருப்படியாக நடந்த காரியம் அது ஒன்றுதான்.

சங்கத்தார் கைக்கு முதலில் அகப்பட்டவை சங்கத்தார் கால்களேதான். தருமலிங்கத்தின் காலைச் சவுந்தரவல்லி பிடித்தாள். அவள் காலைச் சின்னப்பிச்சை. அவன் காலைப் பெரியபிச்சை. காப்பாற்றிவிட்டோம் என்று நாலு பேருக்கும் ஒரே நிம்மதி.

அப்போதுதான் காத்தமுத்து வந்து மோதினான்.

"மச்சான், பெரிய கால் ஒண்ணு சிக்கியிருக்கு."

"எவ்வளவு பெருசு?"

"முட்டி இருக்கு."

"சிறகிக்கும் முட்டி உண்டு."

"செருப்புப் போட்டிருக்கு மச்சான்."

வெள்ளைக்கண்ணுவின் பானை கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. "அப்ப வெளிநாட்டுப் பறவை. விட்டுறாத."

இழுத்தான். ஒன்றை இழுத்தால் நாலும் வந்தது. கரையேறித் தங்கள் பானையைக் கழற்றிப் பார்த்தார்கள். பிடிபட்ட நாலும் பானைத் தலையோடு, வாய் பேசாமல், வரிசையாக நின்றன.

"வேட்டி கட்டியிருக்கே மச்சான்."

"குளிர் தேசத்திலிருந்து வருது. உடுத்தாம வருமா?"

"இது சேலை கட்டியிருக்கு."

"அது பொட்டை."

கரையோரம்தான் வெள்ளைக்கண்ணு வீடு. முற்றத்தில் ஆட்டுக்குட்டி கவிழ்க்கிற பெரிய பஞ்சாரங்கள் நாலு இருந்தன. மூங்கில் கூடைகள்தான், உச்சியில் ஒரு துளை இருக்கும். ஆளுக்கு ஒன்று கவிழ்த்தார்கள். தூக்கித் தள்ளினால் விழுந்துவிடும். யாரும் தள்ளவில்லை. தலைவர் இன்னும் சொல்லவில்லை. தலைவரும் தள்ளவில்லை. அவர் சொன்னால் பேசியதாகிவிடும்.

நெல் போட்டார்கள். நத்தை போட்டார்கள். தொடவில்லை. இட்லி போட்டார்கள், பானைக்குள் போனது. சட்னி இல்லையா என்பதுபோல ஒரு கை வெளியே வந்தது.

"நம்ம ஊருக்கு நல்லாப் பழகிருச்சு," என்றான் காத்தமுத்து.

வியாழக்கிழமை ரேஞ்சர் வந்தார். கண்மாயைச் சுற்றி நடந்தார். பதினாறு பானை மிதந்தது. ஒரு இறகு கூட இல்லை.

"சங்கத்துக்காரங்க எங்கே?"

"நேத்து மத்தியானத்திலிருந்து காணோம்யா," என்றான் வெள்ளைக்கண்ணு. உண்மையாகவே அவனுக்கு அது வருத்தம். ஜெயிக்கிறபோது தோற்கிறவன் பக்கத்தில் இருக்க வேண்டாமா?

ரேஞ்சர் நோட்டில் எழுதினார். 'பறவை இல்லை. தடை தேவையில்லை.' ஜீப் பக்கம் போய் டீ குடிக்க நின்றார்.

வெள்ளைக்கண்ணு ஒரு நிமிடம் வீணாக்கவில்லை. பெரிய பறவையைப் பஞ்சாரத்திலிருந்து எடுத்து, கையைப் பிடித்துக் கூட்டிப்போய்த் தண்ணீர் ஓரத்தில் விட்டான். பத்தடி பின்னால் வந்தான். நாட்டுத் துப்பாக்கியில் மருந்து கெட்டித்தான். குறி பார்த்தான்.

"சுடாதேப்பா," என்றது பறவை.

வெள்ளைக்கண்ணு துப்பாக்கியை இறக்கினான். "மாப்ள, பேசுது."

"கேட்டேன் மச்சான்."

"வெளிநாட்டுப் பறவை தமிழ் பேசுமா?"

"வந்து ஒரு மாசம் ஆச்சுல்ல. காதுல விழுந்திருக்கும்."

"தபாலாபீஸ் தருமலிங்கம் குரல் மாதிரியே இருக்கு."

"அவர்தானே நாள் முழுக்கக் கரையில நின்னு பேசுனாரு. அவர்கிட்டதான் கத்துக்கிருச்சு."

டீயைக் கீழே போட்டுவிட்டு ரேஞ்சர் ஓடி வந்தார். துப்பாக்கியைப் பிடுங்கினார். கையிலிருந்த தடியால் பானையில் ஒரு தட்டு. பானை இரண்டாகப் பிளந்து விழுந்தது. உள்ளே தருமலிங்கம், கண்ணைச் சிமிட்டிக்கொண்டு.



"மச்சான்," என்றான் காத்தமுத்து மெதுவாக. "நேத்து காணாமப் போன அண்ணன்."

வெள்ளைக்கண்ணு முகம் வெளுத்துவிட்டது. "ஐயா, பாத்துக்கங்க. இந்தப் பறவை ஆளை முழுங்கியிருக்கு. தடை இல்லைன்னு நீங்க எழுதினது நல்லதாப் போச்சு. ஊர்ல பிள்ளைகுட்டி இருக்கு. சுட்டுத்தான் ஆகணும்."

ரேஞ்சர் தருமலிங்கத்தைப் பார்த்தார். இவராவது உள்ளதைச் சொல்வார் என்று நினைத்தார். பாவம்.

தருமலிங்கம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நோட்டை எட்டிப் பார்த்தார். பறவை இல்லை என்றால் தடையும் இல்லை. நாலு வருட உழைப்பு.

"முழுங்கினது நிஜம்தான்யா," என்றார். "ஆனா மெல்லலை. ஒரு கீறல் இல்லாம வச்சிருந்துச்சு. இட்லி கூட வாங்கிக் கொடுத்துச்சு. இப்படி ஒரு சாதுவான பறவை உலகத்துல உண்டா? பறவை இருந்திருக்கு. நானே உள்ளேயிருந்து பாத்தேன். அடிச்சு எழுதுங்க, தடை போடுங்க."

நாலு வருடத்தில் இரண்டு கட்சியும் ஒத்துப்போனது அன்றைக்குத்தான். பறவை இருந்தது என்பதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை.

ரேஞ்சர் எழுதிய தாளைக் கிழித்தார். ஜீப்பில் ஏறினார். "நீங்களே முடிவு பண்ணிக்கங்க," என்றார். போய்விட்டார். நான் அவர் இடத்தில் இருந்தால் திங்கட்கிழமையே போயிருப்பேன்.

முடிவு பண்ணச் சொன்னாரே, அதனால் வாக்கெடுப்பு வைத்தார்கள். வேட்டை வேண்டும் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். வெள்ளைக்கண்ணு ஒன்று, காத்தமுத்து ஒன்று. தடை வேண்டும் என்பவர்கள் தூக்கச் சொன்னார்கள். தருமலிங்கம் ஒன்று. முற்றத்தில் கவிழ்ந்திருந்த மூன்று பஞ்சாரங்களின் உச்சித் துளைகளிலிருந்து, சத்தமில்லாமல், மூன்று கை.

வெள்ளைக்கண்ணு இரண்டு தடவை எண்ணினான். நாலுக்கு இரண்டு. பிழைப்பு போய்விட்டது.

"மாப்ள, பறவைக்கு ஓட்டு உண்டா?"

காத்தமுத்து துண்டு நனையும் வரை யோசித்தான்.

"உள்ளூர்ப் பறவைன்னா உண்டு மச்சான். இதுக வலசை வந்ததுக. ரேஷன் கார்டு கேட்டுப் பாருங்க."