வராத ஆட்டத்துக்குத் தங்க மீசை

ஓணான்கோட்டையை ஆண்ட கொடைமேகராயருக்கு விளையாட்டுப் பித்து. தூக்கத்தில் "தாயம்" என்று கத்தி ராணியை எழுப்பிவிடுவார். நம்பாவிட்டால் போங்கள், ராணியே சொன்னது.

ஓர் ஆனி மாதக் கடைசியில் தனகோடி என்ற வியாபாரி வெறுங்கையோடு சபைக்கு வந்தான். புது ஆட்டம் ஒன்று விற்கிறானாம். பெட்டிக்குள் வெள்ளைத் திரை, திரைக்குப் பின்னால் விளக்கு, பெட்டிக்கு முன்னால் குமிழ்போல இரண்டு முளைகள். இந்த முளையை அழுத்தினால் திரையில் நிற்கும் வீரன் தாவுவான், அந்த முளையை அழுத்தினால் வாள் வீசுவான். பிடிப்பதற்கு ஏழு கோட்டைகள். சபை வாயைப் பிளந்தது. ராஜா பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார்.

"இன்னும் செய்யவில்லை, மகாராஜா. தையில் வரும். இன்றே முன்பதிவு செய்தால் கொசுறு உண்டு."

கத்தரிக்காய் வாங்கினால் கறிவேப்பிலை கொசுறாகக் கிடைக்கும். செடியே நடாதவன் கறிவேப்பிலையைக் காட்டிக் கத்தரிக்காய் விற்றதை அன்றுதான் ஓணான்கோட்டை பார்த்தது. முன்பதிவு செய்தவரின் வீரனுக்கு மூன்று உயிர் கூடுதலாம். அதோடு தங்க மீசையாம். தையில் வாங்குகிறவனுக்கு வெறும் கறுப்பு மீசைதானாம்.

ராஜா தம் மீசையைத் தடவிக்கொண்டார். "தங்க மீசை எத்தனை பேருக்கு?"

"பத்துப் பேருக்கு. ஒன்பது போய்விட்டது. ஒன்பதாவதைப் பக்கத்து நாட்டு ராஜா நேற்றுத்தான் எடுத்தார்."

அவ்வளவுதான், ராஜா விழுந்துவிட்டார். விலை என்ன தெரியுமா? களஞ்சியத்தில் இருந்த விதைநெல் முழுவதும். ஆடி பிறக்க ஐந்தே நாள். விதை வாங்கச் சாக்கோடு குடியானவர்கள் களஞ்சிய வாசலில் காத்திருந்தார்கள். அந்த நெல் தனகோடியின் வண்டியேறிப் போனால் விதைப்பு இல்லை. அடுத்த வருஷம் ஊரே வைக்கோலை மெல்ல வேண்டியதுதான். மந்திரி இதைச் சொல்லிப் பார்த்தார். பஞ்சம் போனால் திரும்ப வரும், தங்க மீசை போனால் வருமா என்று ராஜா கேட்டார்.

அப்போது எழுந்தார் செவ்வந்தியப்பர். ராஜாவைச் சிரிக்கவைப்பது அவர் உத்தியோகம். ஒழிந்த நேரத்தில் நாட்டையும் காப்பாற்றுவார்.

"ஐயா தனகோடி, பழைய விதைநெல் உமக்கு எதற்கு? தை அறுவடையில் அதைப்போல் பத்து மடங்கு புதுநெல் தருகிறோம். ஆட்டத்தைக் கொடுத்துவிட்டு அன்றே ஏற்றிக்கொள்ளும். இப்போது முன்பதிவு மட்டும் செய்தால் போதும்."

"முளைக்காத நெல்லை எவனய்யா விலையாக வாங்குவான்?" என்று வாசலைப் பார்த்து நடந்தான் தனகோடி.

ராஜாவின் முகம் கறுத்தது. என் மீசை போனால் உன் மீசை இருக்காது என்று செவ்வந்தியப்பரிடம் பல்லைக் கடித்தார். அவரோ தமக்குத்தாமே பேசிக்கொள்வதுபோல், "பாவம், கொசுறைக் கேட்காமலே போகிறார்" என்றார்.

தனகோடியின் கால் வாசற்படியில் நின்றது. "என்ன கொசுறு?"

"வயல் நடுவில் குருவி விரட்ட ஒரு வெருளிப் பொம்மை. ஜரிகைத் தலைப்பாகை, நெஞ்சில் உம் பெயர். அறுவடைக்குப் பிறகு வாங்குகிறவனுக்கு வெருளியே கிடையாது."

"எத்தனை பேருக்கு?"

"பத்து. ஒன்பது போய்விட்டது."

அது தூண்டில் என்று தனகோடிக்குத் தெரியாதா? பரம்பரையாக அதே புழுவைக் கோத்தவன். தெரிந்துதான் வாயைத் திறந்தான். ஓடிவந்து ஓலையில் ஒப்பமிட்டான். ஜரிகை எத்தனை விரல் அகலம் என்று மட்டும் இரண்டு முறை விசாரித்துவிட்டு, வெறுங்கையோடு போனான்.

சபை ராஜாவின் சிரிப்புக்குக் காத்திருந்தது. ராஜா சிரிக்கவில்லை. செவ்வந்தியப்பரை அருகில் அழைத்துக் காதோடு கேட்டார்: "ஓய், அந்த ஜரிகை வெருளி... உண்மையிலேயே கடைசியா?"

"தங்களுக்கென்று ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறேன், மகாராஜா. ஆனால் பாருங்கள், விதைத்த வயலில்தான் அது நிற்கும்."

ஆடி வரைக்கும் யார் பொறுப்பது? முதல் மூட்டை விதைநெல்லைத் தம் தோளில் ஏற்றிக்கொண்டு, குடியானவர்களை முந்திக்கொண்டு வயலுக்கு ஓடினார் ராஜா.