சேம் சைடு

கோவில்பட்டிப் பக்கம் பிள்ளைகள் நடக்கப் பழகுவதற்கு முன்னாலேயே ஹாக்கி மட்டையைப் பிடித்துவிடும் என்று கேலியாகச் சொல்வார்கள். அப்பேர்ப்பட்ட சீமையில், கரிசல் காட்டை ஒட்டி இருந்த ஒரு பெண்கள் கல்லூரிக்குக் கால்பந்து அணி வேண்டும் என்று தோன்றிவிட்டது. தலைமைக் கோச்சாக ஒருத்தரைக் கொண்டுவந்தார்கள். பேர் பேச்சித்தாய். பேர்தான் பேச்சி, பேச்சு கம்மி. வயசு முப்பத்து மூணு.

உதவிக்கு வந்தவர் சிலுவை. ஐம்பத்தைந்து வயசு. தூத்துக்குடியில் இருபது வருசம் கோலியாக நின்று, பந்தைத் தடுத்துத் தடுத்து மூன்று விரல் கோணிப்போன மனுசன். சின்ன வயசுப் பொம்பளைக்கு நாலு விஷயம் சொல்லிக்கொடுப்போம் என்றுதான் வந்தார். ரெண்டாம் மாசத்திலேயே அவர் கேள்வி கேட்கிற ஆளாகவும், பேச்சித்தாய் பதில் சொல்கிற ஆளாகவும் ஆகிப்போச்சு. எப்படி ஆச்சு என்று அவருக்கே தெரியாது.

அணியில் பாதிப் பேர் விடுதிப் பிள்ளைகள். கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவர்கள், பந்தோடு வளர்ந்தவர்கள். மீதிப் பேர் பஸ்ஸில் வந்து போகிறவர்கள், மட்டையைப் போட்டுவிட்டுப் பந்துக்கு வந்தவர்கள். விடுதிப் பிள்ளை விடுதிப் பிள்ளைக்குத்தான் பந்து கொடுப்பாள். பஸ் பிள்ளை பஸ் பிள்ளைக்கு.

“குனியாதட்டி கனி, உன் கையில மட்டை இல்ல” என்பாள் முன்னால் ஆடுகிற ரெஜினா.

“உங்க ஊர்க்காரியத் தவிர வேற ஆளு உன் கண்ணுல படாதா? போய்க் கண்ணு டாக்டரப் பாரு” என்பாள் பின்னால் தடுக்கிற சண்முகக்கனி.

சிலுவை பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

“மேடம், ஒரு கேள்வி. இது எப்போ டீம் ஆகும்? ஒரே கலர் சட்டையில ரெண்டு சைடுல்லா ஆடுது!”

பேச்சித்தாய் கோல் வலையில் விட்டுப்போன கண்ணிகளை முடிந்துகொண்டிருந்தார்.

“கோல் விழும்போது வலையைப் பாருங்க அண்ணாச்சி.”

“விழுந்த பொறவு அங்க என்ன இருக்கு? பந்துதான் கெடக்கும்.”

“ஆமா. அதைத்தான் பாருங்க.”

முதல் மேட்ச்சில் ஏழு கோல் வாங்கினார்கள். சிலுவை ஏழு தடவையும் வலையைப் பார்த்தார். ஏழு தடவையும் கோலியாக நின்ற விடுதிப் பிள்ளை பிலோமி தனியாகத் திரும்பி, தனியாகக் குனிந்து, பந்தை எடுத்துவந்தாள். மற்ற பத்துப் பேரும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்கள். வலைக்குள் போகிற அந்த நாலு எட்டு எவ்வளவு தூரம் என்று கோலியாக நின்றவனுக்குத்தான் தெரியும்.

மேட்ச் முடிந்ததும் பேச்சித்தாய் எதிர் அணியிடம் போனார். ஒவ்வொரு பிள்ளையின் கையையும் பிடித்து, “வந்ததுக்கு ரொம்ப நன்றிம்மா” என்றார்.

“ஏழு கோல் போட்டிருக்காங்க. அவங்களுக்கு நன்றியா?”

“நாலு காலேஜைக் கூப்பிட்டேன் அண்ணாச்சி. உங்ககூட ஆடி எங்களுக்கு என்ன பிரயோசனம்னாங்க. இவங்கதான் பஸ் ஏறி வந்தாங்க.”

அதற்குப் பிறகும் தோற்றார்கள். அஞ்சு கோல், ஆறு கோல். ஒவ்வொரு தடவையும் நன்றி. ஒவ்வொரு தடவையும் பிலோமி தனியாக.

இந்தச் சமயத்தில்தான் பேர்போன ஒரு நகரத்துக் கல்லூரியிலிருந்து சிலுவைக்குப் போன் வந்தது. தயாராக இருக்கிற அணி, புல்தரை மைதானம், அவரே தலைமைக் கோச். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

பேச்சித்தாயிடம் சொன்னார்.

“நல்ல இடம் அண்ணாச்சி. சனிக்கிழமை நம்ம மேட்ச் அஞ்சரைக்கு முடிஞ்சிரும். பாத்துட்டுச் சொல்லுங்க.”

அவ்வளவுதான். போகாதீங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று சிலுவைக்கு மனத்தாங்கல்.

சனிக்கிழமை காலையில் மழை பெய்திருந்தது. கரிசலைப் பற்றிச் சொல்லவா வேண்டும், ஓடுகிற பிள்ளைகளின் பூட்ஸைக் கணுக்கால் வரைக்கும் பிடித்து இழுத்தது. எதிர் அணிக்கும் அதே சேறுதான். முதல் பாதியில் கோல் இல்லை. ரெண்டாவது பாதியும் முடியப்போகிறது, அப்போதும் இல்லை. பிலோமி மூன்று பந்தை விழுந்து பிடித்துவிட்டாள். தோற்காமல் வீட்டுக்குப் போகலாம் என்று முதல் தடவையாக எல்லாருக்கும் ஓர் ஆசை வந்தது.

கடைசிக்கு மூன்று நிமிசம் இருக்கும்போது எதிர் அணிக்காரி தூரத்திலிருந்து ஓங்கி உதைத்தாள். பந்து கனியிடம் வந்தது. பக்கத்தில் எதிராளி யாரும் இல்லை. கனி சாவகாசமாகக் காலை நீட்டினாள். பந்து அவள் பூட்ஸில் உரசி, திசை மாறி, வலைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

கனி பதறவே இல்லை. கையைத் தூக்கி, “வெளிய இருந்து அடிச்சது சார்! அவங்க யாரும் உள்ள தொடல!” என்றாள்.

ஹாக்கியில் அது சரி. கோலுக்கு முன்னால் போட்டிருக்கிற அரைவட்டத்துக்கு வெளியிலிருந்து அடித்த பந்து, உள்ளே எதிராளி தொடாமல் போனால் கோலே கிடையாது, தடுக்கிறவள் மட்டையில் பட்டிருந்தாலும் கிடையாது. ஆறு வருசம் ஆடிய ஆட்டம் அவள் காலை விட்டு இன்னும் போகவில்லை.

ரெஃபரி விசில் ஊதி மைதானத்தின் நடுவைக் காட்டினார்.

“சேம் சைடு கோலுடா!” என்று வேலியோரம் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அப்போதுதான் கனிக்கு உறைத்தது. நின்ற இடத்திலேயே முகத்தைப் பொத்திக்கொண்டாள். பிலோமி சேற்றில் கவிழ்ந்து கிடந்தாள், எழுந்திருக்கவில்லை.

முன்னால் இருந்து ரெஜினா ஓடிவந்தாள். நேரே கனியைப் பார்த்துத்தான் வந்தாள். அறைந்துவிடுவாளோ என்று சிலுவைக்குப் பகீர் என்றது.

ரெஜினா கனியைத் தாண்டி வலைக்குள் போனாள். குனிந்து பந்தை எடுத்தாள். சட்டையில் துடைத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். திரும்பி வந்து கனியின் கையை முகத்திலிருந்து விலக்கினாள்.

“வாட்டி. இன்னும் ரெண்டு நிமிசம் கெடக்குல்லா.”

ரெண்டு பஸ் பிள்ளைகள் பிலோமியைத் தூக்கி, அவள் கண்ணில் அப்பியிருந்த சேற்றை வழித்துவிட்டார்கள்.

“யோவ் பெரியவரே, கோட்டுக்கு வெளிய போங்க!” என்று லைன்ஸ்மேன் கத்தினார். யாரைச் சொல்கிறார் என்று சிலுவை சுற்றும் முற்றும் பார்த்தார். அவரைத்தான். வலையைப் பார்த்துப் பத்து எட்டு உள்ளே போயிருந்தார். எப்போது போனார் என்று அவருக்குத் தெரியவில்லை.

ரெண்டு நிமிசத்தில் ஒன்றும் மாறவில்லை. ஒரு கோலில் தோற்றார்கள்.

பேச்சித்தாய் வழக்கம்போல் எதிர் அணிக்குப் போய் நன்றி சொல்லிவிட்டு வந்தார். கனி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு எதிரே வந்தாள்.

“மேடம், நான்தான் எல்லாத்தையும்...”

பேச்சித்தாய் அவள் கையைப் பிடித்தார்.

“ரொம்ப நன்றிம்மா.”

கனிக்கு ஒன்றும் புரியவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு போனாள்.

“மேடம், இதுக்குமா நன்றி?” என்றார் சிலுவை.

பேச்சித்தாய் வாயைத் திறக்கும் முன் சிலுவையின் போன் அடித்தது. மணி ஆறாகப் பத்து நிமிசம். எடுத்துக் கேட்டார். பிறகு கோணல் விரலால் போனைப் பொத்திக்கொண்டு திரும்பினார்.

“அந்தக் காலேஜ்தான். மேட்ச் என்னாச்சுன்னு கேக்காங்க. என் முடிவு என்னன்னும் கேக்காங்க. என்ன சொல்லட்டும் மேடம்?”

அங்கே கோல் கம்பத்தில் ரெஜினாவும் கனியும் ஆளுக்கொரு முனையில் வலையை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். பேச்சித்தாய் அதைப் பார்த்தார். பிறகு சிலுவையின் செருப்பைப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் அரைப்படி கரிசல் ஒட்டியிருந்தது.

“ரெண்டுக்கும் ஒரே பதில்தான அண்ணாச்சி. சேம் சைடுன்னு சொல்லுங்க.”