குறிக்கோளுக்குத் தோள் கொடுத்த துறை

எந்த வரைபடத்திலும் அகப்படாத ஆலங்கிணறு என்ற ஊரில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. அதன் தகவல் தொழில்நுட்பத் துறையில் ஐந்து பேர். அவர்களைச் சோம்பேறிகள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள், சிக்கலே அதுதான். கம்ப்யூட்டரில் வைரஸ் என்று போன் வந்தால் முகக்கவசம் மாட்டிக்கொண்டுதான் கிளம்புவார்கள்.

ஒருநாள் காலை துணைவேந்தர் அம்மாள் அவர்களைக் கூப்பிட்டுப் பேசினார். "நம்ம பல்கலைக்கழகத்தோட குறிக்கோள்களுக்கு உங்க துறை தோள் கொடுக்கணும். பேருக்கு இல்ல, முழு மூச்சோட!"

துறைத்தலைவர் தெய்வநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அவர்களை நம்பி இவ்வளவு பெரிய காரியத்தை யாரும் ஒப்படைத்ததில்லை. வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் ஆலோசனை நடந்தது.

"குறிக்கோளெல்லாம் எங்கய்யா இருக்கு?"

"வாசல்லதான் சார். பெரிய பலகையில எழுதி நட்டு வெச்சிருக்காங்களே" என்றார் பிச்சாண்டி.

"எந்தத் தோள்னு அம்மா சொன்னாங்களா?"

"சொல்லல சார். வலது தோளாவே இருக்கட்டும். அதான் மரியாதை."

ஐந்து பேரும் போய்ப் பலகைக்கு வலது தோளைக் கொடுத்தார்கள். முழு மூச்சு என்று சொல்லியிருந்ததால் மூச்சைப் பிடித்துக்கொண்டு கொடுத்தார்கள். அதுவரை தேமே என்று நின்றிருந்த பலகை மெல்லக் கிழக்கே சாய்ந்தது.

"பாத்தீங்களா! நாம மட்டும் வரலைன்னா இது என்னைக்கோ விழுந்திருக்கும்" என்றார் ராஜாமணி.

மூன்று பேர் அந்தப் பக்கம் ஓடி முட்டுக் கொடுத்தார்கள். இனி யார் தோளை எடுத்தாலும் பலகை விழுந்துவிடும். ஆகவே யாரும் எடுக்கவில்லை. மதியச் சாப்பாட்டைக்கூட ஒருவருக்கொருவர் ஊட்டிவிட்டுக்கொண்டார்கள்.

சாயங்காலம் செண்பகவல்லி மூச்சிரைக்க ஓடி வந்தாள். பி.எஸ்ஸி. கடைசி வருஷ மாணவி. மறுநாள் காலையில் பரீட்சை. மற்றவர்கள் எல்லாரும் ஹால் டிக்கெட் எடுத்தாயிற்று. இவள் மட்டும் காய்ச்சலில் கிடந்துவிட்டாள். ஹால் டிக்கெட் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். பரீட்சை எழுதாவிட்டால் ஒரு வருஷம் வீண்.

"சார், வெப்சைட் திறக்கவே மாட்டேங்குது. சர்வர் படுத்துடுச்சு போல. கொஞ்சம் பாருங்களேன்!"

தெய்வநாயகத்துக்கு மனசு இளகிவிட்டது. "பிச்சாண்டி, போய்ப் பாத்துட்டு வாங்க. நீ அவர் எடத்துல தோள் கொடும்மா."

பிச்சாண்டி மாடிக்குப் போய்விட்டுத் திரும்பினார். "படுக்கவே இல்ல சார். ஸ்டாண்டுல நல்லா நிமிந்து நிக்குது."

"தூங்குதோ?"

"தட்டிப் பாத்தேன். அசையல."

"நின்னுக்கிட்டே தூங்குதுன்னா பாவம், எவ்வளவு அலுப்போ! எழுப்பாதீங்க" என்று ராஜாமணி கண்டித்தார்.

"ஐயோ, என் பரீட்சை!" என்று செண்பகவல்லி வாய்விட்டு அழுதாள். தோளில் பலகையைத் தாங்கிக்கொண்டு அழுவது அவ்வளவு சுலபமில்லை.

சத்தம் கேட்டுத் துணைவேந்தர் இறங்கி வந்தார். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "என்னய்யா கூத்து இது? விடுங்க!"

விட்டார்கள். பல்கலைக்கழகத்தின் குறிக்கோள்கள் அத்தனையும் குரோட்டன்ஸ் தொட்டிகள்மேல் மல்லாந்தன.

"அது கிடக்கட்டும். இந்தப் பொண்ணோட ஹால் டிக்கெட்டை முதல்ல இறக்கிக் குடுங்க. நாளைக்கு இவ ஹால் டிக்கெட்டோட பரீட்சைக்குப் போகணும். உங்க பொறுப்பு" என்று சொல்லிவிட்டு, தலைவலி மாத்திரை தேடிப் போனார்.

மறுபடியும் ஆலோசனை.

"எதை இறக்கணும்?"

"ஹால் டிக்கெட்டை."

"அது எங்க இருக்கு?"

"சர்வருக்குள்ள."

"சர்வர்?"

"மாடியில."

தெய்வநாயகம் மாடியை அண்ணாந்து பார்த்தார். "சரி, நல்ல தாம்புக்கயிறா பாத்து எடுத்துட்டு வாங்க."

மறுநாள் பரீட்சை மண்டபத்து வாசலில் மேற்பார்வையாளர் புன்னைவனம் நின்றுகொண்டிருந்தார். விதி தவறாத மனிதர். செண்பகவல்லி வந்தாள். பின்னால் ஐந்து பேர், தோளில் சர்வர், தரையில் இழுபடும் வயர்கள்.

"ஹால் டிக்கெட் எங்கம்மா?"

"இதுக்குள்ளதான் இருக்கு சார். பத்திரமா இறக்கிட்டோம்" என்றார் தெய்வநாயகம்.

"போட்டோ?"

"உள்ள இருக்கு சார்."

"பேரு, நம்பர்?"

"எல்லாமே உள்ளதான்."

புன்னைவனம் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். செண்பகவல்லிக்கு உயிரே போய்விட்டது. ஆனால் அவரும் அதே பல்கலைக்கழகத்துக்காரர்தானே! காலியாக இருந்த ஒரு மூலையைத் தேடிப் பிடித்தார், மார்க்கரால் கையெழுத்துப் போட்டார், சீலும் குத்தினார்.

"ம், உள்ள போ" என்றவர், அவளைத் திரும்பக் கூப்பிட்டார். "அடுத்த பேப்பருக்கும் மறக்காம இதையே எடுத்துட்டு வாம்மா. ஜெராக்ஸ் செல்லாது."